தட்டு புதிது, தகராறு பழையது
கணினிக் கேள்வி – பதில்

கேள்வி: ஹட்டன் பஸ் தரிப்பிடத்துக்கு அருகில் தட்டச்சுக் கடை நடத்துகிறேன். ஒன்பது வருடங்களாகத் தட்டச்சு செய்த சத்தியக் கடதாசிகள், தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், திருவிழா அழைப்பிதழ்கள் அனைத்தும் ஒரே கணினியில் இருக்கின்றன. வன்தட்டு 'டிக் டிக்' என்று சத்தமிடத் தொடங்கியதால் சுழலும் பாகங்கள் இல்லாத புதுவகைத் தட்டான எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கிக் கொடுத்தேன், கணினி திருத்துபவர் பழைய தட்டை அப்படியே அதில் குளோன் (முழுப் பிரதி) செய்து தந்தார். வேகத்தில் குறையில்லை. ஆனால் பாமினி எழுத்துருவில் உள்ள கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிகின்றன, சில பழைய கோப்புகளைத் தொட்டதும் வேர்ட் தானாகவே மூடிக்கொள்கிறது, தேடல் பெட்டியில் கோப்பின் பெயரைக் கொடுத்தாலும் அகப்படுவதில்லை. 'போமட்' செய்துவிடலாம் என்கிறார் அவர். செய்யத்தான் வேண்டுமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அதைவிட முக்கியமாக, அந்தப் பழைய வன்தட்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அதைப் போமட் செய்யவும் வேண்டாம். குளோன் முடிந்த அன்றிரவே பழைய தட்டைத் துடைத்துவிட்டு, மூன்று நாள் கழித்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்த அனுபவம் எனக்கு உண்டு. உங்கள் புதிய எஸ்.எஸ்.டி.யில் கோளாறு இருப்பதாக நீங்கள் எழுதிய அறிகுறிகள் எதுவும் காட்டவில்லை. அதற்குள் வந்து சேர்ந்த தரவுதான் காயப்பட்டு வந்திருக்கிறது.

குளோன் செய்யும் மென்பொருளுக்குக் கோப்பு எது, எழுத்துரு எது என்ற வேறுபாடு பெரும்பாலும் தெரியாது. பழைய தட்டில் உள்ளதைத் துண்டு துண்டாக வாசித்துப் புதிய தட்டில் எழுதுவதே அதன் வேலை. சத்தமிடும் தட்டில் வாசிக்க முடியாத செக்டர்கள் (தரவு எழுதப்படும் சிறு கட்டங்கள்) குறுக்கிடும்போது, 'பழுதானவற்றைத் தவிர்த்துத் தொடரவா' என்று அது கேட்கும், அவசரத்தில் நாமும் 'ஆம்' என்போம், தவிர்க்கப்பட்ட இடங்கள் புதிய தட்டில் வெறும் பூச்சியங்களாகவோ வேறேதும் குப்பையாகவோ நிற்கும். கோப்பின் பெயர் இருக்கும், அளவு இருக்கும், நடுவில் ஒரு துண்டு மட்டும் இருக்காது. உங்கள் மூன்று தொல்லைகளையும் இந்த ஒரே காரணத்தால் விளக்கிவிட முடிகிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, தட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டுங்கள். வழக்கமான எஃப், ஆர் என்ற எழுத்துகளுக்குப் பதிலாகச் சாய்கோடும் பி என்ற எழுத்தும் சேர்த்து ஓட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய தட்டில் எந்தெந்த இடங்கள் பழுது என்று விண்டோஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கும்; அந்தப் பட்டியலும் குளோனோடு சேர்ந்து வந்துவிடுவதால், புத்தம் புதிய எஸ்.எஸ்.டி.யில் நல்ல இடங்களையும் பழுது என்று எண்ணி விண்டோஸ் ஒதுக்கிவைத்திருக்கும். பி என்ற எழுத்து அந்தப் பட்டியலை மறுபடி சோதிக்க வைக்கிறது. கணினியை மீளத் தொடக்கும்போதுதான் இந்தச் சோதனை நடக்கும், நேரமும் எடுக்கும். மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத நம் பக்கத்தில் யு.பி.எஸ். இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

செக்டிஸ்க் கோப்பு முறைமையின் கட்டமைப்பைச் சரிபார்க்குமே தவிர, கோப்புக்குள் இருப்பது சரியா என்று பார்க்காது. விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்க்க வேறு இரண்டு கட்டளைகள் உண்டு: டிஸ்ம் கட்டளையை 'ரெஸ்டோர் ஹெல்த்' என்ற தெரிவுடன் முதலிலும், எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ் கட்டளையை அதன் பின்னரும் ஓட்ட வேண்டும். வரிசை மாறக் கூடாது. எஸ்.எஃப்.சி. பழுதான கோப்புக்கு மாற்றை விண்டோஸின் உள்ளே இருக்கும் ஒரு களஞ்சியத்திலிருந்து எடுக்கிறது. உங்கள் விடயத்தில் அந்தக் களஞ்சியமே காயப்பட்டிருக்கக்கூடும். அதைத் திருத்துவதுதான் டிஸ்ம்மின் வேலை. தேவையான கோப்புகளை அது இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் என்பதால் கைப்பேசி டேட்டாவில் வைத்து ஓட்டுவதாக இருந்தால் மீதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பாமினி திரும்பி வராது. ஏனெனில் பாமினி விண்டோஸின் எழுத்துரு அன்று. ஒன்பது வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்து உங்கள் கணினியில் போட்டது. மைக்ரோசாஃப்டின் எந்தத் திருத்தக் கருவிக்கும் அதைப் பற்றித் தெரியாது. பாமினியில் 'அம்மா' என்று அடிக்கும்போது கோப்பில் உண்மையில் பதிவாவது ஆங்கில எழுத்துகளே. அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்துவது அந்த எழுத்துருக் கோப்பு. அது பழுதாகிவிட்டால் வேர்ட் வேறோர் எழுத்துருவை எடுத்துப் போர்த்திக்கொள்ளும், போர்வைக்குக் கீழிருந்த ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வெளியே தெரியும். ஆகவே பயப்பட வேண்டாம், அந்தக் கோப்புகளின் வாசகம் அழியவில்லை.

விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையைத் திறந்து பாமினியை இரட்டைக் கிளிக் செய்து பாருங்கள். மாதிரி எழுத்துகள் தோன்றாமல், இது செல்லுபடியான எழுத்துருக் கோப்பு அல்ல என்ற செய்தி வந்தால் நோய் உறுதி. அதை நீக்கிவிட்டு நல்ல பிரதியொன்றை நிறுவுங்கள். பழைய வன்தட்டிலிருந்து எடுக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், அங்கே அது பழுதான செக்டரின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். பக்கத்து அச்சகத்திலோ பாடசாலையிலோ இல்லாத பாமினியா? நிறுவிய பின்னும் பழைய குழப்பமே தெரிந்தால், எழுத்துருக்களுக்கான தற்காலிகச் சேமிப்பு இன்னும் பழையதையே வைத்திருக்கிறது என்று பொருள். சேவைகள் பட்டியலில் விண்டோஸ் ஃபொன்ட் கேஷ் சேவையை நிறுத்தி, அதன் சேமிப்புக் கோப்புகளை நீக்கி, கணினியை மீளத் தொடக்கினால் போதும்.

வேர்ட் மூடிக்கொள்வதற்கும் பாமினியே காரணமாக இருந்திருக்கலாம் என்பதால், அது சரியான பிறகு மீண்டும் சோதியுங்கள். அப்போதும் மூடிக்கொண்டால் ஆபிஸின் 'குவிக் ரிப்பேர்' தெரிவைக் கொடுங்கள். ஒரு சில கோப்புகள் மட்டுமே தகராறு செய்தால் அவை பழுதான செக்டரில் இருந்தவை. வேர்டில் 'ஓபன்' பொத்தானுக்குப் பக்கத்திலுள்ள சிறு அம்புக்குறியில் 'ஓபன் அண்ட் ரிப்பேர்' இருக்கிறது. புதிய டொக்எக்ஸ் கோப்பு சுருக்கிக் கட்டிய பொட்டலம் போன்றது என்பதால் ஒரு துண்டு போனாலும் முழுக் கோப்பும் திறக்க மறுக்கும். பழைய டொக் கோப்பிலிருந்து வாசகத்தையாவது மீட்கும் வாய்ப்புக் கூடுதல். இந்த முயற்சிகளும் தோற்றால்தான் பழைய வன்தட்டு மறுபடி தேவைப்படும். லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்கியூ என்ற கருவி, வாசிக்க முடியாத இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு நல்லவற்றை முதலில் எடுத்துவிட்டு, பின்னர் அந்த இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும். முதலிலேயே அதைக் கொண்டு குளோன் செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தேடல் மிகச் சிறிய காரியம்: 'இண்டெக்சிங் ஒப்ஷன்ஸ்' பக்கத்தில் 'ரீபில்ட்' கொடுத்துவிட்டு ஓரிரவு கணினியை ஓடவிடுங்கள். போமட் செய்ய நியாயமான காரணம் உங்களுக்கு ஒன்று வரலாம், அது வேறு: உங்களிடம் இருப்பது விண்டோஸ் 10 என்றால் அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு உங்கள் கணினி ஏற்றதாக இருந்தால், கோப்புகள் அனைத்தும் பத்திரமான பிறகு ஆறுதலாக அதைச் செய்யலாம்.

கேள்வி: தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாள், சம்பளக் கணக்கு) மென்பொருள் உள்ள கணினியின் வன்தட்டை மாற்றினோம். குளோன் பிழையின்றி முடிந்தது, விண்டோஸ் எதுவும் கேட்கவில்லை. செக்ரோல் மட்டும் மறுபடி உரிம எண் கேட்கிறது. மாதக் கடைசி நெருங்குகிறது.
– வாசகர், தலவாக்கலை

பதில்: விண்டோஸ் தன் உரிமத்தைப் பெரும்பாலும் மதர்போர்டோடு பொருத்திப் பார்ப்பதால் தட்டு மாறியதைப் பெரிதுபடுத்தவில்லை. இவ்வகைக் கணக்கு மென்பொருள்கள் பலவும் தட்டின் தொடர் எண்ணைப் பார்க்கின்றன. இதில் இரண்டு எண்கள் உண்டு. போமட் செய்யும்போது தட்டின் சி, டி போன்ற பிரிவுக்கு விண்டோஸ் கொடுக்கும் எண் குளோனில் அப்படியே வந்துவிடும். தொழிற்சாலையில் தட்டுக்குள் பதிக்கப்பட்ட எண் எந்தக் குளோனிலும் வராது. உங்கள் மென்பொருள் இரண்டாவதைப் பார்க்கிறது போலும். இதை நீங்கள் திருத்த முடியாது, விற்றவரிடம் திரையில் காட்டும் புதிய குறியீட்டை அனுப்பி உரிமத்தை மாற்றித் தரச் சொல்ல வேண்டும். அது வரும் வரை பழைய தட்டைக் கணினியில் மறுபடி பொருத்திச் சம்பளம் போடலாம். ஆனால் அந்த நாள்களில் பழைய தட்டில் பதிந்த பெயர்வரவும் கொழுந்து நிறையும் புதிய தட்டில் இருக்காது என்பதால், உரிமம் வந்ததும் பழையதன் தரவுத்தளத்தைப் புதியதற்கு மாற்றிய பிறகே அதில் கைவைக்க வேண்டும். இரண்டிலும் மாறி மாறிப் பதிந்துவிட்டால் பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரிய கிளாக்கருக்கும் முடியாத காரியம்.

கேள்வி: குளோன் செய்த பின் பழைய தட்டையும் அதே கணினியில் இணைத்தேன். அது 'ஓஃப்லைன்' என்று காட்டுகிறது. பழுதா?
– மாணவர், பண்டாரவளை

பதில்: பழுதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு; குளோனில் அதுவும் பிரதியாகிவிட்டதால் ஒரே அடையாளத்தோடு இரு தட்டுகளைக் கண்ட விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவைத்திருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்டில் அதை 'ஒன்லைன்' ஆக்கினால் விண்டோஸ் அதற்குப் புதிய குறியை எழுதிவிடும். கோப்புகளைப் பார்ப்பதற்கு அதனால் ஒரு தடையும் இல்லை. ஆனால் அந்தத் தட்டிலிருந்து கணினியைத் தொடக்க முயன்றால், தொடக்கப் பதிவுகள் பழைய குறியையே தேடுவதால் அது தொடங்காமல் போகலாம். அதைத் தனியாகப் பொருத்தி இயக்கும் எண்ணம் இருந்தால் 'ஒன்லைன்' கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் சி பிரிவு எந்தத் தட்டில் இருக்கிறது, அது எஸ்.எஸ்.டி.யா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். புதிய தட்டில் ஓடுவதாக நினைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பழையதிலேயே வேலை செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.