வானவில் கோப்புகளும் மியூனிக் நகரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். மொத்தம் 40 கணினிகள். பாதிக்கு மேல் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, பழைய கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்கவும் மாட்டேன் என்கின்றன. ஆபிஸ் உரிமத்தையும் புதுப்பிக்க வேண்டும். ஜெர்மனியில் ஒரு மாநில அரசே, ஆபிஸுக்கு மாற்றான லிப்ரேஆபிஸுக்கு மாறியிருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, நாமும் மாறலாமே என்று நிர்வாகக் குழுவில் பேசினேன். "மியூனிக் நகரம் பத்து வருஷம் இதைச் செய்து பார்த்துவிட்டு விண்டோஸுக்கே திரும்பியது தெரியுமா?" என்றார் ஒரு உறுப்பினர். "நம்ம ஊர் ஜோஹோ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. எங்கள் தட்டச்சர்களோ பதினைந்து வருடக் கோப்புகளை வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வைத்திருக்கிறார்கள். இது தொழில்நுட்பக் கேள்வியா, அரசியல் கேள்வியா என்றே புரியவில்லை. மாறலாமா? மாறுவதென்றால் எங்கே தொடங்குவது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

மாறலாம். மாற வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவதில் தொடங்காதீர்கள், அது கடைசி வேலை. முதல் வேலை உங்கள் தட்டச்சர்களின் மேசையில் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் உறுப்பினர்கள் இருவருக்கும் பதில்.

மியூனிக் திரும்பியது உண்மைதான். எப்படித் திரும்பியது என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். விண்டோஸ் என்டி 4-க்கான ஆதரவு முடியப்போகிறது என்ற நிலையில், 2003 மே மாதம் அந்த நகர மன்றம் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. அதற்கு முன்பே மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் தன் பனிச்சறுக்கு விடுமுறையை நடுவில் விட்டுவிட்டு வந்து மேயர் கிறிஸ்டியான் ஊடேயைச் சந்தித்தார். விலைக் குறைப்பும் பேசப்பட்டது, மன்றம் அசையவில்லை. 2006-இல் முதல் கணினிகள் மாறின. 2013 இறுதிக்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளில் நகரத்தின் சொந்த லினக்ஸ் வகையான 'லிமக்ஸ்' ஓடியது. 10 மில்லியன் யூரோவுக்கு மேல் மிச்சம் என்று 2012-இல் மாநகராட்சியே கணக்குக் காட்டியது.

2014-இல் மேயர் மாறினார். 2016-இல் மைக்ரோசாஃப்டின் ஜெர்மன் தலைமையகம் நகர எல்லைக்குள் குடிவந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. அந்த இடமாற்றம் முந்தைய மேயர் காலத்திலேயே முடிவானது என்பதால் நான் அப்படிப் பேசமாட்டேன். அதே 2016-இல் மாநகராட்சி பணம் கொடுத்து அக்சென்சர் என்ற ஆலோசனை நிறுவனத்திடம் ஓர் ஆய்வு வாங்கியது. முதன்மையான சிக்கல் கணினித் துறை நிர்வாகம் சிதறிக் கிடப்பதில் இருக்கிறது என்றது அந்த ஆய்வு. துறைக்கொரு கணினிப் பிரிவு, துறைக்கொரு வழக்கம். விண்டோஸில் மட்டும் ஓடும் சிறப்பு மென்பொருள்களும் கடைசிவரை இருந்தன, அவற்றுக்காக விண்டோஸ் கணினிகளையும் வைத்திருந்தார்கள். நிர்வாகத்தைச் சரிசெய்வது கடினம், மென்பொருளை மாற்றுவதாக அறிவிப்பது எளிது. 2017 நவம்பரில் விண்டோஸ் 10-க்குத் திரும்ப வாக்களித்தார்கள். 2020-இல் வந்த புதிய கூட்டணி, முடிந்த இடத்திலெல்லாம் கட்டற்ற மென்பொருள் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) என்று தன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டது. இத்தனை திருப்பத்திலும் லினக்ஸ் மாறவில்லை, மன்றத்தின் கைகள்தான் மாறின.

உங்கள் உறுப்பினர் மியூனிக்கோடு பிரான்ஸின் தேசியக் காவல் படையான ஜான்டார்மரியையும் படிக்க வேண்டும். அவர்கள் 2005-இல் அலுவலகத் தொகுப்பை மட்டும் ஓப்பன்ஆபிஸுக்கு மாற்றினார்கள், விண்டோஸைத் தொடவில்லை. அடுத்து ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டு. ஆட்களின் கை பழகிய பிறகு, 2008-இல்தான் அடியில் உபுண்டுவை வைத்தார்கள். இன்று சுமார் ஒரு லட்சம் கணினிகள் அப்படி ஓடுகின்றன. நீங்கள் குறிப்பிட்ட ஜெர்மன் மாநிலமான ஸ்லேஷ்விக்-ஹோல்ஸ்டைனும் இதே வரிசையில்தான் போகிறது. 30,000 பணியிடங்களுக்கு லிப்ரேஆபிஸ் என்று 2024 ஏப்ரலில் அமைச்சரவை முடிவெடுத்தது. 2025 அக்டோபருக்குள் 40,000-க்கு மேற்பட்ட அஞ்சல் பெட்டிகள் ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச் என்ற கட்டற்ற அஞ்சல் மென்பொருளுக்கு மாறின. லினக்ஸ் இனிமேல்தான். அஞ்சல் மாற்றத்தின்போது ஊழியர்களிடமிருந்து கடும் புகார்களும் வந்தன. உங்களுக்கும் வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

ஜோஹோ பற்றி. தென்காசிப் பக்கம் இருந்துகொண்டு உலகத்துக்கு மென்பொருள் விற்கும் நிறுவனம் நமக்குப் பெருமைதான். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் அவர்கள் தளத்துக்குப் போனதும் நியாயம்தான். வெளிநாட்டுச் சேவையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் நயாரா எனர்ஜி மீது தடை விதித்தது, அதில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்கு 49.13 சதவீதப் பங்கு இருப்பதால். சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் நயாராவின் மின்னஞ்சலையும் டீம்ஸையும் நிறுத்தியது. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நிறுவனம், பணம் கட்டி வாங்கிய சேவைக்காக டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. அதன்பின் சேவை திரும்பியது. தடை ஐரோப்பாவுடையது, நிறுத்திய நிறுவனம் அமெரிக்காவுடையது, நின்றுபோனது இந்தியாவில் ஒரு அலுவலகத்தின் வேலை. நீங்கள் அரசியல் கேள்வியா என்று கேட்டீர்களே, இதுதான் அந்த அரசியல்.

மைக்ரோசாஃப்டின் ஊரான ரெட்மண்டில் இருந்த சாவி சென்னைக்கு வந்தால் நல்லதுதான். ஆனாலும் அது உங்கள் கொத்தில் இல்லை. ஜோஹோவின் மூல நிரல் மூடியதே, விலையையும் விதிகளையும் அவர்களே மாற்றலாம். அஞ்சலுக்கு ஜோஹோ வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. கோப்புகளை மட்டும் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத திறந்த கோப்பு வடிவமான ஓடிஎஃப் வடிவத்தில் உங்கள் வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஜோஹோ ரைட்டரே அந்த வடிவத்தில் இறக்கித் தரும். ஓடிஎஃப் 2006-லேயே ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் தரம். மைக்ரோசாஃப்டின் டாக்எக்ஸ் வடிவம் 2008-இல் ஐஎஸ்ஓ தரமானபோது இந்தியா எதிர்த்தே வாக்களித்தது. இன்றும் வேர்டு வழக்கமாகச் சேமிப்பது அந்தத் தரத்தின் 'இடைக்கால' வகையைத்தான், பழைய வேர்டு பழக்கங்களைச் சுமந்துவரும் வகை அது. அதனால்தான் வேறு மென்பொருளில் திறக்கும்போது எண்ணிட்ட பத்திகளும் அட்டவணைகளும் சில சமயம் இடம் பெயர்கின்றன.

இனி உங்கள் தட்டச்சர்களின் மேசை.

வானவில் கோப்புக்குள் தமிழ் கிடையாது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் கட்டிவிடுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பை தெரியும். தேடினால் கிடைக்காது. மாணவர் பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் ஆங்கில வரிசையில் கலைந்து வரும். இன்னொரு தொல்லையும் உண்டு: தானியங்கித் திருத்தம், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும்போது, திரையில் ஒரு தமிழ் எழுத்து இன்னொன்றாகிவிடும். வானவில்லில் ஒருவராவது வேலை செய்யும்வரை, லிப்ரேஆபிஸில் டூல்ஸ், ஆட்டோகரெக்ட் போய் பெரிய எழுத்து, வளைந்த மேற்கோள்குறி இரண்டையும் அணைத்துவையுங்கள்.

எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு (யூனிகோடு, எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே இருக்கும் குறிமுறை) மாற்றப் புறப்படாதீர்கள், ஆறு மாதம் போய்விடும். தினமும் கைபடும் வார்ப்புருக்கள் (மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று, சுற்றறிக்கை, கல்வித்துறைக்கு எழுதும் கடிதம்), நடப்புப் பதிவேடுகள், இவை மட்டும் முதலில். ஒரு சின்னக் கல்லூரியில் வார்ப்புருக்கள் அறுபதைத் தாண்டாது. அவற்றை எழுத்துரு மாற்றி மென்பொருளிடம் கொடுக்காமல் புதிதாக ஒருங்குறியில் தட்டச்சு செய்துவிடுங்கள், அதுதான் வேகம். பதிவேடுகளில் ஒரு நெடுவரிசை முழுக்க ஒரே எழுத்துருவில் இருக்கும் என்பதால் மாற்றி நன்றாக வேலை செய்யும். பெயர் நெடுவரிசையை மட்டும் நகலெடுத்து மாற்றுங்கள். வந்ததைப் பக்கத்தில் புதிய நெடுவரிசையில் ஒட்டுங்கள். பழையதை அழிக்காதீர்கள். ஆங்கிலம் கலந்த பத்திகளை அப்படியே மாற்றியில் போட்டால் ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகி வரும்.

சரிபார்க்கும்போது மூன்று இடங்களில் கண் வையுங்கள். கொ, கோ வரிசை: பழைய முறையில் கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படும், ஒருங்குறியில் பின்னால். மாற்றி தவறினால் கொம்பு ஒரு புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும், அது கண்ணில் படும். கண்ணில் படாதது ஔகாரம்: 'கௌரி' என்பதில் ஒற்றைக் குறியா, கொம்பும் 'ள'வும் சேர்ந்ததா என்று பார்வையில் தெரியாது, தேடும்போதுதான் பெயர் அகப்படாமல் போகும். மூன்றாவது, காலுக்குப் பதில் 'ர' அடித்த பழைய தட்டச்சுகள். சான்றிதழில் ஏறும் பெயர்கள் என்பதால் இதை ஒரு ஆள் அடிக்க, இன்னொரு ஆள் பார்க்க வேண்டும்.

மீதிப் பழைய கோப்புகளை, வானவில் உள்ள ஒரு கணினியில் திறந்து பிடிஎஃப் ஆக்குங்கள். எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும், எங்கும் ஒழுங்காகத் தெரியும். தேட மட்டும் முடியாது. அதற்கு ஒரு விரிதாள் போதும்: கோப்பு எண், தேதி, பொருள், யாருக்கு, எல்லாம் ஒருங்குறியில். இந்த அட்டவணைதான் உங்கள் அலுவலகத்துக்கு அடுத்த இருபது ஆண்டுச் சொத்து.

தட்டச்சர்கள் பயப்படுவது விசைப்பலகைக்கு. பயம் வேண்டாம். பழைய தட்டச்சுப்பொறி அமைப்பிலேயே ஒருங்குறியில் அடிக்கலாம். லினக்ஸிலும் ஐபஸ்-எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பில் தட்டச்சுப்பொறி அமைப்பு, தமிழ்99 என்ற கணினி விசைப்பலகை அமைப்பு, ஆங்கில எழுத்தில் அடிக்கும் ஒலிபெயர்ப்பு மூன்றும் இருக்கின்றன. நாற்பது வயதுக்கு மேற்பட்டவரைத் தமிழ்99-க்கு மாறச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

லிப்ரேஆபிஸை விண்டோஸிலேயே நிறுவி மூன்று மாதம் ஓடட்டும். முதல் நாளே செய்ய வேண்டியது: ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' பெட்டியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரேஆபிஸ் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி எழுத்துருவும் அளவும் வைத்துக்கொள்ளும். இது தெரியாமல்தான் "அளவை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறுகிறது" என்று பலர் கோபித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பத்தி நடையில் (பாராகிராஃப் ஸ்டைல்) இரண்டையும் குறியுங்கள். தமிழுக்கு லதா, நிர்மலா எழுத்துருக்கள் வேண்டாம், அவை விண்டோஸோடு நின்றுவிடும். நோட்டோ அல்லது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மருதம், ஏதாவது ஒன்றை 40 கணினியிலும் ஏற்றுங்கள். வேர்டின் ஆங்கில எழுத்துருக்களுக்கும், காலிப்ரிக்கு கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு கலாடியா என்று எழுத்தகலம் அப்படியே பொருந்தும் மாற்றுகள் உண்டு. அவை இல்லாவிட்டால் ஒரு பக்க ஆணை வழிந்து, முதல்வரின் கையெழுத்து மட்டும் இரண்டாம் பக்கத்தில் தனியாக நிற்கும். வெளியே அனுப்புவது பிடிஎஃப். எதிர்த்தரப்பு திருத்த வேண்டும் என்றால் மட்டும் டாக்எக்ஸ். ஒரே கோப்பு வேர்டுக்கும் ரைட்டருக்கும் நாலு முறை போய்வந்தால் கட்டாயம் சிதையும்.

மேக்ரோ (கோப்புக்குள்ளேயே எழுதிய சிறு நிரல்) உள்ள எக்செல், ஆக்சஸ் கோப்புகளை எண்ணுங்கள். பெரும்பாலும் சம்பளப் பட்டியல், வருமான வரிக் கணக்கு, உள்மதிப்பெண். சிலது லிப்ரேஆபிஸில் ஓடும், பலது ஓடாது. ஜிஎஸ்டிஆர்-9 ஆஃப்லைன் கருவி மாதிரி அரசே தரும் மேக்ரோ கோப்புகளும் உண்டு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் டேலியும் உண்டு. இவற்றுக்காக மூன்று விண்டோஸ் 11 கணினிகளை உரிமத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு நூறு மாறியே தீருவேன் என்று நின்றால் அந்த மூன்று கணினிகளே மொத்தத் திட்டத்தையும் கவிழ்த்துவிடும்.

ஆதரவு முடிந்த கணினிகளை இணையத்தில் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. உங்கள் கல்லூரிக்கு மைக்ரோசாஃப்டின் கல்வி உரிம ஒப்பந்தம் இருந்தால், விண்டோஸ் 10-க்கான நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் முதல் ஆண்டுக்குக் கணினிக்கு 1 டாலர்தான், பிறகு 2, 4 என்று ஏறும். அவகாசம் வாங்கிக்கொள்ள அது போதும். மூன்று மாதம் கழித்து, விண்டோஸ் 11 ஏறாத கணினிகளில் ஐந்தில் மட்டும் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட். பழைய வட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், 4 ஜிபி நினைவகம் என்றால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அச்சுப்பொறியையும் ஸ்கேனரையும் முன்கூட்டியே சோதியுங்கள், அங்கேதான் முதல் நாள் சண்டை வரும்.

நிர்வாகக் குழுவில் 'இலவசம்' என்ற சொல்லை மட்டும் பயன்படுத்தாதீர்கள். மிச்சமாகும் உரிமத் தொகையில் பாதியை முதல் ஆண்டு பயிற்சிக்கும், கேள்வி வந்தால் ஓடிவர ஒரு ஆளுக்கும் ஒதுக்கும்படி தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

வானவில் எழுத்துருக் கோப்பையும் மூலக் கோப்புகளோடு ஒரே வட்டில் காப்புநகல் எடுத்து வைத்துவிடுங்கள். பத்தாண்டு கழித்து ஒரு பழைய மாணவர் சான்றிதழ் நகல் கேட்டு வரும்போது, அது இல்லாமல் அந்தக் கோப்பைத் திறந்து பயனில்லை.

அன்புடன்.