பெண்கள் காத்திருக்கும் இடங்களிலிருந்து ஊரை வரையத் தொடங்கலாம்

கேள்வி: ஆண், பெண் இருவருக்கும் சமமாகப் பயன்படும்படி நகரங்களையும் பொது இடங்களையும் எப்படி வடிவமைப்பது? சிறிய ஊர்களில் இது நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான். பெரிய நகரத்தைவிடச் சிறிய ஊரில் சுலபம் என்றுகூடச் சொல்வேன். நான் காரைக்குடியில் வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கிறேன். சாலைகளையும் பேருந்து நிலையங்களையும் நான் வரைவதில்லை. ஆனால் டவுன் பஸ்ஸில் போய்வருகிறவள், அளவுகோலும் கையில் வைத்திருப்பவள் என்பதால் இதைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. என் பதில் ஒன்றே ஒன்றுதான். உங்கள் ஊரில் பெண்கள் எங்கெங்கே காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். திட்டத்தை அந்த இடங்களிலிருந்து தொடங்குங்கள்.

வீட்டைவிட்டு வெளியே வந்த பெண்ணின் நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே போகிறது. பள்ளிக்கூட வாசல், டியூஷன் நடக்கிற வீட்டுக்கு வெளியே, ரேஷன் கடை வரிசை, மாமியாருக்கு டோக்கன் போட்ட ஆஸ்பத்திரி, மகளிர் குழுக் கடனுக்காக பேங்க், கடைசியில் பஸ். ஆண்களும் காத்திருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு இடம் இருக்கிறது. டீக்கடை பெஞ்ச், சலூன் நாற்காலி, பாலத்துக் கட்டை, ஸ்டாண்ட் போட்ட பைக். பெண் நின்றுகொண்டே காத்திருக்கிறாள், பெரும்பாலும் கையில் பையோடும் இடுப்பில் பிள்ளையோடும்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு நிறுத்தத்தில் வெயிலில் நின்ற ஒரு ஆச்சியிடம், "பெஞ்சு காலியாத்தானே இருக்கு, உக்காரலாமே ஆச்சி" என்றேன். "ஆம்பளைக உக்கார்ற எடத்துல நாம எப்படிம்மா போயி உக்கார்றது? இந்தா, பஸ்ஸு வந்துரும்" என்றார். பெண்கள் உட்காரக் கூடாது என்று அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. பெஞ்ச் டீக்கடைக்குள் முகம் பார்த்துப் போட்டிருக்கிறது. அதில் உட்கார்ந்தால் டீ குடிக்க வந்தவர் ஆகிவிடுவார், பஸ் வருவதும் தெரியாது. அதே பெஞ்சைச் சாலையைப் பார்த்து, மேலே ஒரு கூரையோடு, கடையிலிருந்து பத்தடி தள்ளிப் போட்டிருந்தால் அவர் உட்கார்ந்திருப்பார். வடிவமைப்பு என்று நான் சொல்வது இந்தப் பத்தடியைத்தான்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினமில்லை. காத்திருப்பதற்கென்றே மரியாதையாக இடம் கட்டிய ஊர்கள் இவை. முகப்பில் ஏறியதும் இரண்டு பக்கமும் திண்ணை, தேக்குத் தூண், நிழல். வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் உட்காரலாம். அப்புறம்தான் என்ன விஷயம் என்று கேட்பார்கள். ஆனால் அந்தத் திண்ணை ஆண்களுக்கானது. கணக்கு வழக்கு, வரவு செலவு, வெளியாட்கள் எல்லாம் முன்பக்கம். வளவு என்ற உள்முற்றம் தாண்டி இரண்டாங்கட்டு, அடுப்பங்கரை, கிணற்றடி என்று பின்னால் போகப் போகப் பெண்களின் இடம். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. அதனால் முன்தெருவுக்கு வாசலும் அலங்காரமும் கிடைத்தன, பின்தெருவுக்கு நீளச் சுவரும் ஒரு சின்னக் கதவும் மட்டும் கிடைத்தன.

இந்தச் சுவர்தான் இன்றைக்குப் பெரிய சிக்கல். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014-ல் செட்டிநாட்டுக் கிராமத் தொகுப்புகள் இடம்பெற்றன. சுற்றுலா வருகிறவர்கள் கானாடுகாத்தான் தெருக்களின் அமைதியைப் படம் எடுக்கிறார்கள். அந்த அமைதிக்குக் காரணம் பூட்டிய வீடுகள். பங்காளிகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் வீடு திறக்கும். மாலை ஏழு மணிக்கு டியூஷன் முடிந்து வருகிற பெண்பிள்ளை, ஒரு சன்னல் வெளிச்சம்கூட இல்லாத அந்தச் சுவரை ஒட்டி நடந்தாக வேண்டும். தெருவைக் காப்பது தெருவைப் பார்த்திருக்கும் கண்கள்தான் என்று நகரங்களைப் பற்றி எழுதிய அமெரிக்காவின் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே வாதிட்டார். எங்கள் தெருக்களில் கண்களே இல்லை.

2013-ல் டெல்லியில் தொடங்கிய சேஃப்டிபின் என்ற செயலி ஒரு தெருவை மதிப்பிடும்போது வெளிச்சத்தோடு நிற்பதில்லை. எத்தனை சன்னல்களும் கடைகளும் தெருவைப் பார்க்கின்றன, நடைபாதை எப்படி இருக்கிறது, பஸ் பக்கத்தில் இருக்கிறதா, அந்த நேரத்தில் அங்கே பெண்கள் தென்படுகிறார்களா என்றெல்லாம் பார்க்கிறது. இந்தக் கேள்விகளோடு நம் பின்தெருக்களில் ஒரு மாலை நடந்து பார்த்தால், எங்கே என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். பூட்டிய வீட்டு முகப்புகளில் ஒன்றிரண்டைக் ஓலைக் கூடையான கொட்டான் பின்னுகிறவர்களுக்கும் பலகாரம் போடுகிறவர்களுக்கும் மாலை நேரத்துக்கு மட்டும் வாடகைக்கு விட்டால், தெருவுக்கு வெளிச்சமும் வரும், ஆளும் வரும். பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், அது லேசில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரே ஒரு வீட்டில் தொடங்கினால் போதும்.

பெண்களின் வழித்தடத்தைப் பார்த்து ஒரு நகரத்தையே மாற்றிய ஊர் ஆஸ்திரியாவின் வியன்னா. ஏவா கைல் என்ற நகரத் திட்டமிடுநரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1991-ல் பொது இடம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டு ஒரு புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். வெவ்வேறு பெண்களின் அன்றாட நாள் எப்படிப் போகிறது என்பதுதான் அதன் பொருள். 1999-ல் ஒன்பதாவது வட்டாரத்து மக்களிடம், எதற்காக எப்படிப் பயணம் செய்கிறீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். ஆண்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். காலையில் வேலைக்கு, மாலையில் வீட்டுக்கு, அவ்வளவுதான். பெண்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளையை மருத்துவரிடம், அங்கிருந்து பள்ளிக்கு, அப்புறம் கடைக்கு, அப்புறம் வயதான அம்மாவைப் பார்க்க. பெரும்பாலும் நடந்தும் பொதுப் போக்குவரத்திலும். அதற்குப் பிறகு நடைபாதைகளை அகலப்படுத்தினார்கள், விளக்குகளைக் கூட்டினார்கள், படிக்கட்டில் குழந்தை வண்டிக்குச் சாய்தளம் வைத்தார்கள்.

கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்கு வந்துபோகும் ஒரு பெண்ணின் நாளைக் காகிதத்தில் வரைந்தாலும் இதேதான் வரும். எங்கள் பக்கம் பெரும்பாலான பஸ்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திரும்புகின்றன, அவள் வழியோ ஐந்தாறு இடங்களில் நின்று நின்று வளைகிறது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் காசு இல்லை. இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது, கையில் சில்லறை இல்லாததால் பயணத்தையே தள்ளிப்போட்டு வந்தவர்களுக்குத் தெரியும். பயணம் இலவசமாகிவிட்டது. அந்த பஸ்ஸுக்காக நிற்கிற இடம் மட்டும் பழையபடியே கிடக்கிறது. நிழற்குடை இருந்தால் அதற்குள் பைக் நிற்கும், பெஞ்சில் யாராவது படுத்திருப்பார், முன்னால் ஃபிளெக்ஸ் கட்டி மறைத்திருப்பார்கள். மூன்று பக்கமும் சிமெண்ட் சுவர் எழுப்பிய நிழற்குடையை நான் எதிர்க்கிறேன். இருட்டினால் எந்தப் பெண்ணும் அதற்குள் போகமாட்டாள். தூண் மட்டும் நிறுத்தி, பின்பக்கம் இடுப்பளவுக் கம்பி போட்டு, கூரையிலேயே விளக்கு வைத்தால் உள்ளே இருப்பவரும் தெரிவார், வெளியே வருபவரும் தெரிவார். செலவும் குறைவு.

2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்கு அது ஒரு நியாயம். அதே பெண்கள் இரவு கடை மூடியதும் தேவகோட்டைக்கோ புதுவயலுக்கோ போகும் கடைசி பஸ்ஸுக்கு மறுபடி நிற்கிறார்கள். கடைக்குள் கிடைத்த உரிமை நிறுத்தத்துக்கும் வரவேண்டாமா?

அடுத்தது கழிப்பறை. இதைப் பேசக் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டே நம் தலைமுறை கெட்டது. ஆண்கள் சுவரோரம் ஒதுங்குகிறார்கள். பெண்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் வெயிலில் அது நேராக நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும். ஆண்கள் இலவசமாகச் சிறுநீர் கழிக்கிற ஊரில் பெண்களிடம் மட்டும் காசு வாங்குவது என்ன நியாயம் என்று மும்பைப் பெண்கள் 2011-ல் ஓர் இயக்கமே தொடங்கினார்கள். கட்டிவைத்தால் மட்டும் போதாது. வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது, உள்ளே பை மாட்டக் கொக்கி இருக்கிறதா, நாப்கின் போடக் கூடை இருக்கிறதா, சாவி யாரிடம் என்பதெல்லாம் பிளானிலேயே முடிவாக வேண்டிய விஷயங்கள். ஆண்கள் பகுதியைக் கடந்துதான் பெண்கள் பகுதிக்குப் போக முடியும் என்று வரைந்த ஒரு கட்டடத்தை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பெண்கள் யாரும் பயன்படுத்தவில்லை. தேவையில்லை போலிருக்கிறது என்று கொஞ்ச நாளில் பூட்டியும்விட்டார்கள்.

நடைபாதை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் 2012 வழிகாட்டுதல், நடப்பதற்கு மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் வேண்டும், விளிம்புக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. வடிகாலுக்கு மூடி போட்டு அதையே நடைபாதை என்று சொல்கிற இடங்களில், முழங்கால் உயரம் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. சேலை கட்டியவர், கர்ப்பிணி, மூட்டுவலிக்காரர் யாரும் ஏறமாட்டார்கள், சாலையிலேயே நடப்பார்கள். ஸ்வீடனின் கார்ல்ஸ்கூகா நகரத்தில் முதலில் கார் போகும் சாலைகளில் பனியை அள்ளிவிட்டு நடைபாதைகளுக்குக் கடைசியில் வருவார்கள். பெண்கள்தான் அதிகம் நடக்கிறார்கள் என்று பார்த்து அந்த வரிசையை மாற்றினார்கள். நமக்குப் பனி இல்லை. ஆனால் ஒவ்வொரு வேலையிலும் ரோடு முதலில், நடைபாதை மிச்சப் பணத்தில் என்ற வரிசை இருக்கிறது.

பூக்கட்டும் அக்கா, கீரை விற்கும் ஆத்தா போன்றவர்களை ஆக்கிரமிப்பு என்று அகற்றிவிட்டுத் தெருவை அழகுபடுத்துவது எனக்கு ஏற்பில்லை. கோயில் வாசலில் இரவு ஒன்பது வரை உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணால்தான் இன்னும் பத்துப் பெண்கள் அந்த வழியே தைரியமாக வருகிறார்கள். 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அந்த இடம் உங்கள் ஊரில் நிரம்பியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊர்களில் பெண்களுக்கென்று ஒரு பொது இடம் முன்பு இருந்தது, அது ஊருணிக்கரை. குடத்தோடு போனால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். அந்தப் படிக்கட்டில் எல்லாப் பெண்களும் இறங்க முடிந்ததில்லை, சாதி மறித்தது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீட்டுக்குள் குழாய் வந்தது நல்லது, தலைச்சுமை போனது. ஆனால் கூடிப் பேசுகிற இடமும் சேர்ந்தே போய்விட்டது. இப்போது ஊருணியைச் சீரமைத்தால் சுற்றி வேலி, நடைப்பயிற்சிப் பாதை, இரும்பு உடற்பயிற்சிக் கருவிகள் என்று போகிறார்கள். நடக்கும் நேரம் முடிந்ததும் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். வியன்னாவில் பூங்காக்களை ஆராய்ந்தபோது, ஒன்பது வயதைத் தாண்டிய பெண்பிள்ளைகள் வருவதைச் சட்டென்று நிறுத்திவிடுவது தெரிந்தது. ஒரே பெரிய திடல் இருந்தால் பையன்கள் பந்தோடு அதை எடுத்துக்கொள்கிறார்கள். திடலைச் செடிகளாலும் பாதைகளாலும் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் இடம் ஒதுக்கியதும் பெண்பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். ஊருணிக்கரையில் இதை அப்படியே செய்யலாம். நாலைந்து பேர் எதிரெதிரே உட்காரும்படி மரத்தடி மேடைகள், நடுவே பிள்ளைகள் விளையாட இடம், இரண்டு பக்கமும் வாசல். ஒரே வாசல் உள்ள இடத்துக்குள் பெண்கள் தயங்கித்தான் நுழைவார்கள். வாசலில் நாலு பேர் நின்றால் வெளியே வர வழியில்லை.

என் தொழிலிலிருந்தும் ஒன்று. வியன்னாவில் 1997-ல் பெண் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த 357 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று முடிந்தது. பிள்ளைகள் விளையாடும் முற்றம் வீடுகளிலிருந்து பார்வைக்குத் தெரியும், மாடிதோறும் குழந்தை வண்டி நிறுத்த இடம், மருத்துவரும் மருந்துக்கடையும் மழலையர் பள்ளியும் அதே வளாகத்தில். அதைப் படித்த பிறகு, கிழக்குப் பார்த்த மனை வந்தால் சமையலறையை முன்பக்கத்துக்கே கொண்டுவருகிறேன். அக்னி மூலை தென்கிழக்கு, அது முன்னால்தான் வருகிறது, வாஸ்து பார்ப்பவரும் மறுக்க முடியாது. சன்னல் தெருவைப் பார்க்கும். சமைக்கிறவருக்குத் தெரு தெரியும், தெருவுக்கு ஒரு வெளிச்சமும் கிடைக்கும்.

பெண்கள் பாதுகாப்பு என்றதும் சிசிடிவி வைக்கிறோம் என்பார்கள். வைக்கட்டும். கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். இருட்டில் நிற்கிறவளுக்கு அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் வேண்டும், விளக்கு வேண்டும், உட்கார இடம் வேண்டும். இருக்கிற பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் நான் முதலில் இவற்றைக் கேட்பேன்.

எங்கே கேட்பது? உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. காரைக்குடி 2024-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. செட்டிநாட்டின் மற்ற ஊர்களில் பல இன்னும் ஊராட்சிகள், அங்கே கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெண்களுக்கு வசதி வேண்டும் என்று பொதுவாக மனு எழுதினால் பரிசீலிக்கப்படும் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். உங்கள் மகளிர் குழுவில் நாலைந்து பேர் சேர்ந்து மாலை ஏழு மணிக்கு பஸ் நிறுத்தத்துக்கு அளவு டேப்போடு போங்கள். நடைபாதை உயரம் எவ்வளவு, அடுத்த விளக்கு எத்தனை அடி தள்ளி, அந்த நேரத்தில் எத்தனை பெண்கள் நிற்கிறார்கள், எத்தனை பேருக்கு இருக்கை என்று எழுதுங்கள். அந்தத் தாளையே மனுவாகக் கொடுத்து, தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதும் பதிவேட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த சபையில் அதைக் காட்டித்தான் கேட்க முடியும்.