தாலிக்கொடியைக் கொடுக்கலாமா அக்கா?

கேள்வி: என் கணவர் ஷா ஆலாமில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கல்யாணமான நாளிலிருந்து புதன், சனி, ஞாயிறு நான்கு இலக்க லாட்டரி நம்பர் வாங்குவார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடமாகக் கைப்பேசியில் ஸ்லாட் சூதாட்டம். இப்போது ஆலோங்கிடம் (உரிமம் இல்லாத வட்டிக்காரனிடம்) 9,000 வெள்ளி கடன், கிரெடிட் கார்டில் 6,000. "உன் தாலிக்கொடியை வைத்து அடைத்துவிடு, பத்துமலை முருகன் மேல் ஆணை, இனி தொடமாட்டேன்" என்று அழுகிறார். கொடுக்கலாமா?
- செந்தூல் வாசகி

பதில்: கொடுக்காதீர்கள், தங்கச்சி. அவர் நடிக்கிறார் என்று சொல்லவில்லை. அழும்போது அவர் சொல்வதை அவரே நம்புகிறார்.

என் அப்பாவும் அழுதவர்தான். பட்டர்வொர்த்தில் துறைமுக வேலை. ரோட்டில் விபத்து நடந்தால் அடிபட்டது யார் என்று கேட்பதற்கு முன் காடி நம்பரைப் பார்ப்பார். விழாத சீட்டுகளைக்கூட எறியாமல் மைலோ டின்னில் சேர்த்து வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை அவர் வாங்கியது 3818; முதல் பரிசு 3817. "பாத்தியா, நெருங்கிட்டேன்" என்று அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அந்த விளையாட்டில் நெருங்குவது என்று ஒன்று கிடையாது. 3818உம் 0042உம் ஒரே தோல்விதான். ஆனால் மனசு அதைத் தோல்வியாகக் கணக்கு வைப்பதில்லை. ஸ்லாட்டில் இரண்டு படம் பொருந்தி மூன்றாவது மயிரிழையில் தப்புகிறதே, அதுவும் இதே கதைதான். அப்பாவுக்கு வாரம் மூன்று தடவை வந்த படபடப்பு, உங்கள் வீட்டுக்காரருக்குச் சில விநாடிக்கு ஒரு தடவை வருகிறது.

அம்மா மூன்று முறை நகையை வைத்துக் கடனை அடைத்தார். ஒவ்வொரு முறையும் அப்பாவுக்கு மிஞ்சியது, மறுபடி கடன் கேட்கும் தைரியம். நான்காம் முறை வைக்க நகை இல்லை. அப்போதுதான் மாமா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

இது ஒழுக்கக்கேடு மட்டும் இல்லை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் சூதாட்டத்தை மது, போதைப் பழக்கங்களோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்துவிட்டது. பக்கத்து அரசுக் கிளினிக்கில் (கிளினிக் கெசிஹாத்தான்) 1 வெள்ளி கட்டி மருத்துவரைப் பாருங்கள். மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். விட்டதைப் பிடிக்கத் தூண்டும் எண்ணத்தை எப்படி இனம் கண்டு நிறுத்துவது என்று அங்கே பேசிப் பழக்குவார்கள். கூடவே போங்கள். தனியாக அனுப்பினால் "கூட்டம் அதிகம்" என்று திரும்பி வந்துவிடுவார்.

சம்பளம் உங்கள் கணக்குக்கு வரட்டும். வாடகை, அரிசி, பிள்ளைகளின் பஸ் காசு போக அவர் கையில் அன்றன்றைக்கு வேண்டியது மட்டும். இதை அவரே ஒப்புக்கொள்ள வேண்டும்; ரிசல்ட் வரும் ராத்திரியில் பேசாதீர்கள், மறுநாள் காலையில் பேசுங்கள். கார்டு கடனுக்கு பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம் ஏகேபிகே இருக்கிறது. ஆலோசனை இலவசம், தவணையைக் குறைத்து ஒழுங்குபடுத்தித் தருவார்கள். ஆலோங் கணக்கை அவர்கள் தொடமாட்டார்கள். அவன் மிரட்டினால் நேரே போலீஸ் ரிப்போர்ட்; ஏடிஎம் கார்டையோ அடையாள அட்டையையோ அவனிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. "நான் இல்லாமல் போனால் உங்களுக்கு நல்லது" என்று அவர் சொன்னால், மிரட்டுகிறார் என்று ஒதுக்காதீர்கள். கடனும் வெட்கமும் சேர்ந்தால் ஆபத்து. மனம் உடைந்தவர்களிடம் பேசும் உதவி எண் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 03-7627 2929, நள்ளிரவிலும் எடுப்பார்கள்.

கேள்வி: வாரம் 5 வெள்ளிக்கு நம்பர் வாங்குகிறேன். நானும் சூதாடியா?
- பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

பதில்: 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள், பரிசு 23. ஒவ்வொன்றுக்கும் 1 வெள்ளி 'பிக்' (23 பரிசுக்கும் சேரும் பந்தயம்) வைத்து அத்தனையையும் நீங்களே வாங்கினாலும், 10,000 வெள்ளி போய் 6,400தான் திரும்பி வரும். சினிமா டிக்கெட் மாதிரி 5 வெள்ளி போனால் போகட்டும். ஆனால் புதன்கிழமை விட்டதைப் பிடிக்கச் சனிக்கிழமை பத்தாக்குகிறீர்களா? சீட்டை மடித்து வீட்டுக்காரம்மாவின் கண்ணில் படாமல் வைக்கிறீர்களா? இரண்டும் இல்லையென்றால் எனக்குக் கடிதம் எழுதத் தேவையில்லை. ஆனாலும் எழுதியிருக்கிறீர்களே!