ஒரு போனைப் பாராட்டினாலே அந்த நிறுவனத்தின் ரசிகர் என்று முத்திரை குத்துகிறார்களே, ஏன்?

அந்தப் பட்டம் எனக்கும் கிடைத்திருக்கிறது. ஒரு போனின் கேமராவைப் பாராட்டினேன், 'பக்தர்' என்றார்கள். மறுவாரம் அதன் விலையைத் திட்டினேன், எதிரணி ஆள் என்றார்கள். முத்திரை குத்திவிட்டால் வாதத்துக்குப் பதில் சொல்லும் வேலை மிச்சம்.

ஆனால் பற்று என்பது வெறும் கற்பனையும் அல்ல. 1956இல் ஜாக் பிரெம் என்ற உளவியலாளர், வீட்டு உபயோகப் பொருள்களுக்கு மதிப்பெண் போடும்படி பெண்களிடம் சொன்னார். பிறகு இரண்டு பொருள்களைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மறுபடி மதிப்பெண் போட்டபோது எடுத்துக்கொண்டதன் மதிப்பு ஏறியிருந்தது, விட்டதன் மதிப்பு இறங்கியிருந்தது. இரண்டுக்கும் முதலில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட்டவர்களிடம் இது நன்றாகவே தெரிந்தது. பொருள் அதேதான், 'நான் தேர்ந்தெடுத்தது' ஆகிவிட்டது, அவ்வளவுதான். நம் போனை யாராவது குறை சொன்னால் சுருக்கென்று தைப்பதும் இதனால்தான் போலும்.

பற்றுப்போல் தெரிவதெல்லாம் பற்றும் அல்ல. ஐபோனுக்குக் காசு கொடுத்து வாங்கிய செயலியை ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் மறுபடி வாங்க வேண்டும். பத்து வருடப் படங்களையும் இடம் மாற்ற வேண்டும். அந்தச் சலிப்பில் அங்கேயே இருப்பவர் ரசிகரல்லர், சிக்கிக்கொண்டவர்.

அசல் ரசிகரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. உங்கள் போனில் பிடிக்காதது என்ன என்று கேட்பேன். சாதாரணப் பயனர் மூன்று குறைகளை அடுக்குவார். ரசிகரோ போட்டி நிறுவனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.