தெரியாத வேட்பாளர்களில் யாருக்கு ஓட்டுப் போடுவது?

கேள்வி: எங்கள் உள்ளாட்சித் தேர்தலில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். ஒருவரையும் தெரியாது. போன முறை நோட்டீஸில் இருந்த முகத்தைப் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டேன். அது தப்பா? அதிக நேரமும் இல்லை.

பதில்: ஆளைத் தெரியாது, நேரமும் இல்லை என்றால் முகம், கட்சி, எங்கோ கேட்ட பெயர் என்று அகப்பட்டதை மனம் பிடித்துக்கொள்ளும். எல்லோரும் செய்வதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முகத்தை மட்டும் தள்ளி வையுங்கள்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் டொடோரோவ் குழு 2005-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. அமெரிக்க செனட் தேர்தல்களில் மோதிய இருவரின் படங்களை, அவர்களை அறியாதவர்களிடம் காட்டி, ‘யார் திறமைசாலியாகத் தெரிகிறார்?’ என்று கேட்டார்கள். அவர்கள் கைகாட்டியவரே ஏறக்குறைய 70 சதவீதப் போட்டிகளில் ஜெயித்திருந்தார். ஒரே ஒரு விநாடி படம் காட்டியபோதும் பெரிய மாற்றமில்லை. முகம் ஓட்டு வாங்கித் தருகிறது, சரி. அவர் வேலை செய்வாரா என்பதை அது சொல்லாது. நோட்டீஸைப் படிக்கும்போது படத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள், உண்மையாகவே சொல்கிறேன்.

பட்டியலில் முதல் பெயருக்கும் சும்மாவே சில ஓட்டு விழும். அதைத் தவிர்க்கத்தான் ஆஸ்திரேலியாவில் 1984 முதல் மக்களவை வாக்குச்சீட்டில் அகரவரிசையை விட்டுவிட்டுக் குலுக்கலில் பெயர்களை அடுக்குகிறார்கள்.

நான் நம்பும் குறுக்குவழி, யார் யாரை ஆதரிக்கிறார்கள் என்று பார்ப்பது. கலிஃபோர்னியாவில் 1988-ல் காப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றி, மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் ஐந்து முன்மொழிவுகள் ஒரே தேர்தலில் வந்தன. எல்லாமே சிக்கலானவை. விவரம் அதிகம் தெரியாமல், காப்பீட்டு நிறுவனங்கள் எதன் பக்கம் என்று மட்டும் அறிந்தவர்களும், விவரம் தெரிந்தவர்களைப் போலவே வாக்களித்தார்கள் என்று அரசியல் அறிவியல் ஆய்வாளர் ஆர்தர் லூப்பியா கண்டறிந்தார். அந்த நிறுவனங்களுக்கு என்ன வேண்டும் என்பது ஊரறிந்தது. அதனால் அவர்களுடைய ஆதரவே பாதி விவரத்தைச் சொல்லிவிட்டது.

உங்கள் ஒன்பது பேரில், பிடிக்காத கட்சிக்காரர்களை முதலில் கழித்துவிடுங்கள். மிஞ்சுகிறவர்களுக்குப் பின்னால் எந்தச் சங்கம், எந்தக் குழு நிற்கிறது, அவர்களுக்கு என்ன வேண்டும், அது உங்களுக்கும் வேண்டுமா என்று கேளுங்கள். அப்புறம், முன்பு பொறுப்பில் இருந்தவர் என்றால் அப்போது என்ன செய்தார் என்று இரண்டு பேரிடம் விசாரியுங்கள். அரைமணி நேரம் போதும். இதை முந்தின நாளே வீட்டில் முடித்துவிடுங்கள். வாக்குச்சாவடி வரிசையில் நிற்கும்போது இதற்கெல்லாம் நேரமிருக்காது.