மரத்தூளை மண்ணில் கலக்கலாமா?

கேள்வி: இழுத்துச் செல்லும் சிறிய பேண்ட்சா (வளையமாகச் சுற்றும் நாடா ரம்பம்) மர அறுவை இயந்திரம் ஓட்டுகிறேன். தூளும், பட்டையோடு கழியும் ஓரப்பலகைகளும் குவிகின்றன. தூளைத் தோட்டத்தில் கொத்திவிடலாமா?

பதில்: பச்சைத் தூளை வேர்ப்பகுதியில் கொத்திவிடாதீர்கள், தயவுசெய்து! அதில் கரிமம் மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, செடி வெளிறிவிடும். சாணம் கலந்து, ஈரம் காயாமல் மட்கவைத்து, நிறம் கறுத்து மண்வாசனை வந்தபின் இடுங்கள். நடைபாதையில் என்றால் அப்படியே பரப்பலாம்.

எனக்குக் கவலை குவியலைப் பற்றித்தான். ஈரத்தூளை உயரமாகக் குவித்தால் உள்ளே சூடேறும். தானே தீப்பற்றுவதும் உண்டு. இரும்புக் கம்பியை நடுவில் செருகி, சற்று நேரம் கழித்து உருவி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் எச்சரிக்கை. இயந்திரத்திலிருந்து தள்ளி, தாழ்வாகவே குவியுங்கள்.

ஓரப்பலகைகளை அன்றன்றே அடுப்பு நீளத்துக்கு அறுத்து, கட்டி, காற்றோட்டமாக அடுக்குங்கள். காய்ந்தபின் அறுப்பது கடினம்.

தூள் மாவுபோல் நைந்து, பலகை அலையலையாக வந்தால் ரம்பப்பல் மழுங்கிவிட்டது. ரம்பத்தை உடனே மாற்றுங்கள். நல்ல மரம் வீணாவது அங்கேதான். முகக்கவசம் இல்லாமல் தூள் அள்ளாதீர்கள்.