சுருக்கிட்டு வாம்மா

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோவையில் ஒரு கல்லூரியில் முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். இந்தப் பருவத்தில் ஆய்வேடு எழுத வேண்டும். ‘கொங்கு நாட்டின் நீர்ப்பாசன வரலாறு: சங்ககாலம் முதல் இன்றுவரை’ என்று தலைப்பு எழுதி நெறியாளரிடம் கொடுத்தேன். “நல்லா இருக்கு, ஆனா சுருக்கிட்டு வாம்மா” என்றார். ‘கொங்கு நாட்டின்’ என்பதை ‘கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களின்’ என்று மாற்றினேன். மறுபடியும் அதே பதில். மூன்றாம் தடவை ‘சங்ககாலம்’ என்பதை ‘கொங்குச் சோழர் காலம்’ என்று மாற்றிக்கொண்டு போனேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எதை வெட்டுவது, எதை விடுவது என்று புரியவில்லை. அவரும் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பத்து நிமிடம்தான் கிடைக்கிறார். வேறு நெறியாளர் கேட்கலாமா என்றுகூட யோசிக்கிறேன். இந்தத் தலைப்பை எடுத்ததற்கு ஒரே காரணம் எங்கள் அப்பாரு (தாத்தா). 82 வயசு. சின்ன வயசில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் எருது பூட்டி நீர் இறைக்கும் கவலை ஓட்டியவர்.

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

நெறியாளரை மாற்றாதீர்கள். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எப்படிச் சுருக்குவது என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் அதைச் சொல்லவும் முடியாது.

நீங்கள் செய்தது சுருக்கல் இல்லை. நூறு ஏக்கர் கொறங்காட்டின், அதாவது மேய்ச்சல் நிலத்தின், கிளுவை வேலியைப் பத்தடி உள்ளே தள்ளி நட்டிருக்கிறீர்கள். உள்ளே இருப்பது அதே காடுதான். காலிங்கராயன் வாய்க்கால் ஒன்றை எடுத்தாலே ஒருவர் ஆயுள் போய்விடும். நொய்யல் குளங்கள், அமராவதியின் பழைய வாய்க்கால்கள், 1955இல் முடிந்த பவானிசாகர் அணையும் கீழ்பவானி வாய்க்காலும், பரம்பிக்குளம் ஆழியாறு என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆவணம், தனிச் சண்டை. உங்கள் கையில் இருப்பது ஐந்து மாதம்.

மாணவர்கள் பெரிய தலைப்பு எடுப்பது பேராசையால் என்று பல ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ அது பயம் என்றுதான் படுகிறது. தலைப்பு பெரிதாக இருந்தால் நூலகத்திலிருந்து எடுத்து எடுத்துப் பக்கத்தை நிரப்பிவிடலாம். சின்னதாக இருந்தால் நாமே போய்ப் பார்த்துவர வேண்டும். பார்த்தது தப்பாகவும் போகலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி வரி. அதற்கு மேலே இருப்பதை எந்த மாணவரும் எழுதியிருக்கலாம்.

கவலை பார்த்திராத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கிணற்று மேட்டிலிருந்து ஒரு சரிவு இறங்கும். (அந்தச் சரிவுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று அப்பாருவிடம் கேளுங்கள். ஊருக்கு ஊர் மாறும்.) அதில் இரண்டு எருதுகளைப் பூட்டி இறக்கினால், உருளையில் ஓடும் வடம் ‘சால்’ என்கிற இரும்பு வாளியை மேலே இழுக்கும். சாலின் அடியில் தோலால் ஆன தும்பி, யானைத் துதிக்கை மாதிரி. அதன் நுனியை இன்னொரு மெல்லிய கயிறு மடக்கிப் பிடித்திருக்கும். சால் மேலே வந்ததும் தும்பி நீண்டு நீரைக் கொட்டிவிடும். எருதுகள் இறங்கும்போது தன் எடையும் சேரட்டும் என்று ஓட்டுபவர் வடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார். அப்புறம் எருதுகள் பின்னுக்கு நடந்தே மேடேற வேண்டும். ஒரு பாத்தி நனைய இப்படி எத்தனை நடை!

இதில் எல்லோரும் எருதைப் பார்ப்பார்கள், கிணற்றைப் பார்ப்பார்கள். நான் தும்பியைப் பார்க்கச் சொல்வேன். அது தோல். நீரில் ஊறும், கல்லில் உரசும், கிழியும். தைப்பது யார்? கொங்கு நாட்டில் அந்த வேலை மாதாரிகள் என்கிற அருந்ததியருடையது. அதற்குத் தானியமாகக் கூலி அளப்பது வழக்கம். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. கோவை ஆலைகள் ஓடின, பிறகு மெல்ல மெல்லத் தோட்டங்களுக்கும் கம்பி இழுத்தார்கள். மோட்டார் வைத்த கிணற்றுக்குத் தும்பி எதற்கு? மோட்டாருக்குப் பிந்திய தோட்டத்துக்காரர் கதையை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டமும், 1970இல் பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிர்விட்டதும் அந்தக் கதையில் வரும். தும்பி தைத்தவர் அதற்கப்புறம் என்ன செய்தார்?

உங்கள் ஊரில், அந்த ஒரே ஊரில், 1950க்கும் 1980க்கும் நடுவில். இப்போது உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. செருப்புத் தைக்கப் போனாரா, திருப்பூருக்குப் போனாரா, அதே தோட்டத்தில் தினக்கூலிக்கு நின்றாரா? இல்லை, தும்பி போனதற்கும் அவர் பிழைப்பு மாறியதற்கும் நான் நினைக்கிற அளவு சம்பந்தமே இல்லையா? இந்தக் கடைசிச் சாத்தியத்தையும் திட்டத்தில் எழுதிவையுங்கள். நெறியாளர் நிமிர்ந்து உட்காருவார்.

இதே கேள்வியைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. எது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதோ அதை எடுங்கள். ஆனால் அளவு இவ்வளவுதான் இருக்க வேண்டும்.

உங்களுக்கு முன்னால் இந்தத் தடத்தில் நடந்தவர்கள் உண்டு. ஸ்வீடன் நாட்டு வரலாற்றாய்வாளர் குன்னல் செடர்லோஃப் கோவை மாவட்ட மாதாரிகளைப் பற்றி 1990களிலேயே ஆராய்ந்திருக்கிறார். உங்கள் பக்கத்திலேயே, ஓலப்பாளையத்தில், பிரெண்டா பெக் 1960களின் நடுவில் தங்கியிருந்து ஆய்வு செய்தார். அதற்கும் முன்னால் நிக்கல்சனின் 1887ஆம் வருடத்துக் கோவை மாவட்டக் கையேடு. கிணற்றுப் பாசனம் பற்றி வெள்ளைக்காரர்கள் என்ன கணக்கு வைத்திருந்தார்கள் என்று அதில் பார்க்கலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா இணையதளத்திலும் ஒரு நாள் உட்கார்ந்து தேடுங்கள். இந்தப் படிப்பெல்லாம் மூன்று வாரத்தோடு சரி. அதற்கு மேல் படித்துக்கொண்டே இருந்தால் ஊருக்குப் போக மாட்டீர்கள்.

இனி ஒரு சங்கடமான விஷயம். தும்பிக் கேள்வியை எடுத்தால், அப்பாருவைக் கூட்டிக்கொண்டு மாதாரிகள் குடியிருக்கும் வளவுக்குப் போகாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் பக்கத்தில் நின்றால் “அந்தக் காலத்துல ஒரு கொறையும் இல்லீங்க” என்ற பதில்தான் வரும். நீங்கள் தனியாகப் போனாலும் முதல் இரண்டு தடவை அதே பதில் வரலாம், ஏனென்றால் நீங்கள் யார் வீட்டுப் பேத்தி என்று அவர்களுக்குத் தெரியும். யாருக்காக, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பெயர் போடலாமா என்று கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். இதை நெறியாளரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. ‘தகவலாளரோடு ஆய்வாளரின் உறவு’ என்று ஒரு பக்கம் ஆய்வேட்டிலும் சேருங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அந்தப் பக்கத்தைத்தான் கேட்பார்கள்.

என் கதையைச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் தெம்பு வரும். நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது 84 கேள்விகள் கொண்ட வினாநிரல் ஒன்றைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு தாராபுரம் பக்கம் போனேன். ‘தங்கள் குடும்பத்தின் பிரதான வருவாய் ஆதாரம் யாது?’ என்கிற தமிழில் எல்லாமே. ஒரு பாட்டி கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். பதினோராவது கேள்வி வரைக்கும் பொறுமையாக ‘ஆமாங் கண்ணு’ என்றார். நான் ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டே போனேன். பன்னிரண்டாவதில் நிமிர்ந்து பார்த்து, “ஏங் கண்ணு, இத்தனையும் நீயே எழுதி வெச்சிருக்கறயே, அப்பறம் என்னைய எதுக்குக் கேக்கறே?” என்றார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு நானும் கடலைக்காய் உரித்தேன். அன்றைக்குப் பொழுது இறங்குவதற்குள் அவர் சொன்னதில் பாதிதான் ஆய்வேட்டில் உருப்படியான இயல். ஆனால் அதற்குள் இரண்டு மாதம் அந்த வினாநிரலோடு பதினேழு வீடு ஏறி இறங்கியிருந்தேன். ஒரே ஒரு வீட்டில் முதலில் சோதித்துப் பார்த்திருந்தால் அந்த இரண்டு மாதமும் மிஞ்சியிருக்கும்.

அதனால் சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதுவதற்கு முன்பே இரண்டு பேரிடம் பேசிவிடுங்கள். பேசிய பிறகு கேள்வி மாறும். மாறிய கேள்வியை எழுதிக் கொடுங்கள்.

காலத்தைப் பற்றி. ஐந்து மாதம் என்பது காகிதத்தில்தான். பொங்கலுக்கு ஒரு வாரம். தைப்பூசத்துக்குப் பாதி ஊர் பழனிக்கு நடந்து போயிருக்கும். அப்புறம் மாரியம்மன் நோம்பி. உள்தேர்வுகள். கடைசி மூன்று வாரம் தட்டச்சுக்கும் பைண்டிங்குக்கும், கையெழுத்துக்காகத் துறைத்தலைவர் அறை வாசலில் நிற்பதற்கும் போய்விடும். கழித்துப் பார்த்தால் ஊரில் வேலை செய்யக் கிடைப்பது ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை. ஒரு ஞாயிறுக்கு இரண்டு பேர். அதுவும் காடுகரைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, பொழுதோட. பதினைந்து பேரிடம் நன்றாகப் பேசினால் முதுகலை ஆய்வேட்டுக்கு அது தாராளம். பேசிய அன்றிரவே எழுதிவிடுங்கள். செல்போன் பதிவு இருக்கிறதே என்று விட்டால், அதைக் கேட்டு எழுத மூன்று மடங்கு நேரம் ஆகும்.

பேச்சு மட்டும் போதாது. யார் தோட்டத்துக்கு எப்போது மோட்டார் வந்தது என்பதற்கு ஏதாவது காகிதம் வேண்டும். பழைய ஈபி அட்டைகளைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். நிலம் யார் பெயரில் இருந்தது என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் அ பதிவேடு. இவற்றை வைத்து ‘அப்பவே வந்திருச்சுங்க’ என்பது எந்த வருசம் என்று ஓரளவு பிடிக்கலாம்.

நெறியாளரின் பத்து நிமிடம் குறைவு என்கிறீர்கள். வெறுங்கையோடு போனால் அரை மணி நேரமும் குறைவுதான். ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். போன தடவை அவர் சொன்னது, அதற்கு நீங்கள் செய்தது, இப்போது மாட்டிக்கொண்டிருக்கும் ஒரே இடம். திரும்பி வந்ததும் அவர் சொன்னதைத் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து “இதை யார் உன்னை எழுதச் சொன்னது?” என்று அவரே கேட்கும்போது பயன்படும். அப்புறம், கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வரப்போகிற வாரத்தில் மட்டும் அவர் அறைப்பக்கம் போகாதீர்கள்.

அப்பாருவை வரும் ஞாயிறு கிணற்று மேட்டுக்குக் கூட்டிப் போங்கள். உட்கார ஒரு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் எந்த வருசம் வைத்தார்கள், கடைசித் தும்பியை யார் தைத்தார், அவர் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சரிவு இருந்த இடம் தூர்ந்து போயிருந்தாலும் அவர் கையைக் காட்டுவார். அதைக் காலடியால் அளந்து எழுதிக்கொண்டு, அந்தப் பக்கத்தோடு நெறியாளரைப் போய்ப் பாருங்கள்.